கடத்தல்காரர்களா, பந்தய வீரர்களா?

இளையோரும் வேகமும் பற்றி அண்மையில் நம் கருத்துக்களத்தில் பேசியபோது, மூன்றாவது வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். மோட்டார் பட்டறையில் வேலை செய்பவர்.

"அக்கா, அமெரிக்காவில சாராயம் கடத்தினவங்கதான் கார் பந்தயத்தையே தொடங்கினாங்க. இன்னைக்கு அவங்க படத்தை மண்டபத்துல மாட்டி வச்சிருக்காங்க. எங்களை மட்டும் ஏன் குற்றவாளி மாதிரி பார்க்கிறீங்க?" என்றார்.

அரங்கில் பலத்த கைத்தட்டல். மேடையில் இருந்த மூன்று பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிட்டது. இடைவேளை முடிந்து திரும்பியபோது அந்தக் கேள்விக்கு நேரம் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தத் தம்பி சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மலையில் வடித்த சரக்கு

சம்சு என்றால் நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அமெரிக்காவின் தென்மாநில மலைப்பகுதிகளில் வடித்த கள்ளச் சாராயத்துக்கு 'மூன்ஷைன்' என்று பெயர். நிலவொளி என்பது அதன் பொருள். அதிகாரிகள் கண்ணில் படாமல் இரவில் வடித்ததால் வந்த பெயர்.

அப்பலேசியன் மலைத்தொடரில் குடியேறியவர்களில் பலர் ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழி வந்த ஏழை விவசாயிகள். மலைச்சரிவில் விளைந்த மக்காச்சோளத்தை மூட்டை மூட்டையாகச் சந்தைக்குக் கொண்டுபோனால் கூலிக்கே கட்டுப்படியாகாது. அதையே சாராயமாக வடித்தால் சுமை குறையும், காசு கூடும். அவர்களுக்கு அது குடும்பத் தொழில்.

அரசாங்கத்துக்கோ அது வரிப்பணம். 1791இல் சாராயத்துக்கு வரி வந்தது. அதை எதிர்த்துப் பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் கலகம் வெடிக்க, 1794இல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனே படையோடு புறப்பட வேண்டியதாயிற்று. பிறகு நீக்கப்பட்ட அந்த வரி, 1862இல் உள்நாட்டுப் போரின்போது மீண்டும் வந்தது.

1920இல் நாடு முழுவதும் மதுவிலக்கு அமலானது. நகரங்களில் தாகம் தீரவில்லை. மலைச் சரக்குக்குக் கிராக்கி ஏறியது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது கள்ளச் சாராயமும் ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை. தென்பகுதியில் பல மாவட்டங்கள் உள்ளூரளவில் மதுவிலக்கைத் தொடர்ந்தன. வரியும் ஏறிக்கொண்டே போனது. 1934இல் ஒரு கேலனுக்கு 2 டாலராக இருந்த மத்திய அரசு வரி, 1951இல் 10.50 டாலர் ஆனது. வரி கட்டாதவனுக்கு அந்த இடைவெளிதான் லாபம்.

வடிக்கும் முறை எளிது. சோளமாவு, சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் சேர்த்து ஊறல் போடுவார்கள். புளித்த ஊறலைச் செப்புப் பானையில் காய்ச்சுவார்கள். சாராயம் சுமார் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். தண்ணீருக்கு 100 பாகை வேண்டும். ஆகவே சாராய ஆவி முந்திக்கொண்டு கிளம்பும். அதைச் சுருள் குழாய் வழியாக ஓடை நீரில் குளிரவைத்தால் சொட்டுச் சொட்டாகச் சரக்கு இறங்கும். சர்க்கரை கூடினால் சரக்கும் கூடும். இந்தச் சர்க்கரையை நினைவில் வைத்திருங்கள். பின்னால் ஓர் உயிரோடு சம்பந்தப்படப் போகிறது.

பின்னிருக்கை இல்லாத கார்

மலையில் வடித்ததை நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் டாசன்வில் ஊரிலிருந்து அட்லாண்டா நகருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியெங்கும் வளைவுகள், செம்மண் சாலைகள். எங்காவது ஒரு திருப்பத்தில் கலால் அதிகாரிகள் காத்திருப்பார்கள்.

1932இல் ஃபோர்ட் நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட 'வி-8' இயந்திரத்தைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டது. 1939, 1940ஆம் ஆண்டுகளின் ஃபோர்ட் கூபே கார்கள் கடத்தல்காரர்களின் செல்லப்பிள்ளைகள் ஆயின. வெளியே பார்த்தால் ஆசிரியரோ அஞ்சல்காரரோ ஓட்டும் சாதாரணக் கார். உள்ளே வேறு கதை.

பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுச் சரக்கு அடுக்குவார்கள். நன்றாக அடுக்கினால் 120 கேலன், அதாவது சுமார் 450 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு பாரம் ஏறினால் காரின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். பார்த்த மாத்திரத்தில் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அதனால் பின் ஸ்பிரிங்குகளைக் கூடுதல் பட்டைகள் போட்டு இறுக்கிவிடுவார்கள். சரக்கு ஏற்றினால் கார் சமமாக நிற்கும். சரக்கு இல்லாதபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்!

இயந்திரத்தின் உருளைகளைக் கடைந்து அகலமாக்கி, ஒன்றுக்கு மூன்றாகக் கார்புரேட்டர் பொருத்துவார்கள். இரவில் முன்விளக்கை அணைத்துவிட்டு நிலவு வெளிச்சத்தில் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். துரத்தும் அதிகாரிகள் தங்கள் காரின் முன்னால் இடுக்கி பொருத்தி, ஓடும் காரின் பின் பம்பரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். கடத்தல்காரர்கள் பம்பரை வெறும் கம்பியால் கட்டி வைத்தார்கள். இடுக்கி பிடித்தால் பம்பர் மட்டும் கழன்று வரும், கார் போய்விடும்.

மண் சாலையில் வேகமாகத் திரும்பும்போது பிரேக் மிதித்தால் கார் கட்டுப்பாட்டை இழக்கும். வளைவு வருவதற்கு முன்பே காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, எண்ணெயை மிதித்தபடியே வளைவைக் கடக்க வேண்டும். மண் தடத்தில் பந்தயம் ஓட்டுவதற்கும் இதே வித்தைதான் வேண்டும். பள்ளிக்கூடம் போகாத பயிற்சி இது.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டி

யார் கார் வேகம் என்ற வாய்ச்சண்டை மேய்ச்சல் நிலத்துக்கு வந்தது. வட்டமாக ஓட்டிப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. குதிரைப் பந்தயத்துக்காக உருவாக்கிய கண்காட்சித் திடல்களின் மண் தடங்களும் இருந்தன. அட்லாண்டாவின் லேக்வுட் திடலில் ஓர் ஏரியைச் சுற்றி ஒரு மைல் நீள மண் தடம். அங்கே 1938 நவம்பரில் சாதாரணக் கார்களுக்கான பந்தயம் நடந்தது. வென்றவர் லாய்ட் சீய் என்ற டாசன்வில் இளைஞர். அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை.

அவருக்குப் பின்னால் இருந்தவர் ரேமண்ட் பார்க்ஸ். இவரும் அதே பகுதிக்காரர். 14 வயதில் வீட்டைவிட்டு ஓடி, சாராயத் தொழிலில் இறங்கியவர். பிடிபட்டு ஒன்பது மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து தானியங்கி விற்பனை இயந்திரம் உள்ளிட்ட தொழில்களில் பணம் சேர்த்தவர், தன் உறவுக்காரப் பையன்களான லாய்டுக்கும் ராய் ஹாலுக்கும் பந்தயக் கார்களைக் கொடுத்தார். கார்களைத் தயார் செய்தவர் ரெட் வோக்ட் என்ற அட்லாண்டா மெக்கானிக். கடத்துபவர்களின் காரும் துரத்துபவர்களின் காரும் அவருடைய ஒரே பட்டறைக்குத்தான் வந்தன!

பணம், கார், மெக்கானிக், ஓட்டுநர் ஆகிய நான்கும் சாராயத்திலிருந்து வந்தன. தம்பி சொன்ன பாதி இதுதான். இனி மீதிப் பாதி.

லாய்டின் கடைசிப் பந்தயம்

1941 ஆகஸ்டு 24. ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரைப் பந்தயத்தில் லாய்ட் வென்றார். ஆகஸ்டு 31இல் வட கரோலினாவின் ஹைபாயிண்டில் வென்றார். மறுநாள், செப்டம்பர் 1இல், அட்லாண்டா லேக்வுட்டிலும் வென்றார். ஒன்பது நாளில் மூன்று வெற்றிகள்.

செப்டம்பர் 2ஆம் தேதி காலை, சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரையை யார் கணக்கில் எழுதியது என்று உறவினர் ஒருவரோடு தகராறு. அவர் லாய்டைச் சுட்டுக் கொன்றார். லாய்டுக்கு வயது 21.

டாசன்வில் கல்லறையில் அவருடைய நடுகல் இன்றும் இருக்கிறது. அதில் ஃபோர்ட் கார் ஒன்றைச் செதுக்கி, ஓட்டுநர் சன்னலில் அவர் முகப்படத்தைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்லின் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்திய நாள் ஆயிரமாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய பையன், சர்க்கரைக் கணக்கில் போய்விட்டான்.

அந்தச் சரக்கைக் குடித்தவர்கள் கதி என்ன? பழைய கார் ரேடியேட்டரைக் குளிரூட்டும் குழாயாகப் பயன்படுத்திய இடங்களில், அதன் பற்றவைப்பில் இருந்த ஈயம் சரக்கில் இறங்கியது. 1951 அக்டோபரில் அட்லாண்டாவில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் விற்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். வேகமான கார்களின் கதையைச் சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விதி வந்த நாள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பந்தயக் கூட்டம் பெருகியது. கூடவே குழப்பமும் பெருகியது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு விதி. சில அமைப்பாளர்கள் நுழைவுச்சீட்டுப் பணத்தை அள்ளிக்கொண்டு, பந்தயம் முடிவதற்குள் மறைந்துவிடுவார்கள். அரசாங்கத்தையே ஏமாற்றிய ஓட்டுநர்கள், சீட்டுக் கிழிப்பவரிடம் ஏமாந்து நின்றார்கள்!

இதற்கு வழி தேடியவர் பில் பிரான்ஸ். அவர் சாராயம் கடத்தியவர் அல்லர். டேட்டோனாவில் பெட்ரோல் நிலையம் வைத்திருந்தவர், பந்தயமும் ஓட்டியவர். 1947 டிசம்பரில் டேட்டோனா கடற்கரையில் ஸ்ட்ரீம்லைன் தங்குவிடுதியில் ஒரு கூட்டம் கூட்டினார். பார்க்ஸ், வோக்ட் போன்றோர் வந்திருந்தனர். 1948 பிப்ரவரியில் 'நாஸ்கார்' அமைப்பு முறைப்படி பதிவானது. ஒரே விதி, ஒரே புள்ளிக் கணக்கு, உறுதியான பரிசுப் பணம், காயம்பட்டால் காப்புறுதி என்பவையே அதன் நோக்கம்.

1949 ஜூன் 19. வட கரோலினாவின் சார்லட்டில் முக்கால் மைல் மண் தடம். நிறுவனம் விற்ற நிலையிலேயே கார் இருக்க வேண்டும் என்ற விதியோடு நாஸ்கார் நடத்திய முதல் பந்தயம். 200 சுற்றுகள். மூன்று சுற்று முன்னணியில் கிளென் டனவே முதலாவதாக வந்தார். அவர் ஓட்டியது ஹூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட் என்பவரின் 1947 ஃபோர்ட். சாராயம் ஏற்றிப் பழகிய கார்.

பந்தயம் முடிந்து சோதித்தவர்கள் பின் ஸ்பிரிங்கைப் பார்த்தார்கள். பாரம் தாங்குவதற்காக மாற்றப்பட்டிருந்தது. தகுதி நீக்கம்! இரண்டாவதாக வந்த கன்சாஸ் மாநிலத்து ஜிம் ரோப்பருக்கு வெற்றி போனது. கார்க்காரர் 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விதியை வகுத்து அமல்படுத்த அமைப்புக்கு உரிமை உண்டென்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

நேயர்களே, இதை நான் இருமுறை படித்தேன். எந்த ஸ்பிரிங் அந்தக் கார்களை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததோ, அதே ஸ்பிரிங்தான் முதல் பந்தயத்திலேயே வெளியேற்றப்பட்டது. கடத்தல் பந்தயத்துக்கு ஆட்களைக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த ஆட்டம் விளையாட்டாக மாறியது அந்தச் சோதனை நாளில்தான்.

அந்த ஆண்டின் முதல் சாம்பியன் ரெட் பைரன். பார்க்ஸின் காரை ஓட்டியவர். அவரும் கடத்தல்காரர் அல்லர்; போரில் காலில் படுகாயமடைந்த விமானப்படை வீரர். ஊனமான காலைக் கிளட்ச் மிதியோடு பிணைத்துக்கொண்டு ஓட்டினார்.

இருவர் கதை

வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டத்தில் 1931இல் பிறந்தவர் ஜூனியர் ஜான்சன். தந்தை சாராயம் காய்ச்சுபவர். வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். ஜூனியர் சிறு குழந்தையாக இருந்தபோது, 1935இல், அவர்கள் வீட்டில் 7,000 கேலனுக்கு மேல் பிடிபட்டது. 14 வயதில் சரக்குக் கார் ஓட்டத் தொடங்கியவரைச் சாலையில் எந்த அதிகாரியாலும் பிடிக்க முடியவில்லை.

1955இல் நாஸ்காரில் ஐந்து பந்தயங்களை வென்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 1956இல் தந்தையின் சாராயப் பானைக்கு அடுப்பு மூட்டப் போனபோது, மறைந்திருந்த அதிகாரிகளிடம் சிக்கினார். 11 மாதம் சிறை. ஓட்டுநராக உச்சத்துக்குப் போகவேண்டிய வயதில் ஓராண்டு போயிற்று. திரும்பி வந்து 1960இல் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார். மொத்தம் 50 வெற்றிகள். பிறகு அணி உரிமையாளராக ஆறு சாம்பியன் பட்டங்கள். ஆனாலும் குற்றப் பதிவு கூடவே வந்தது. 1986இல் அதிபர் ரேகன் மன்னிப்பு வழங்கியபோது அவருக்கு வயது 55. நாஸ்கார் புகழ் மண்டபத்தில் 2010இல் இடம்பெற்ற முதல் ஐவரில் அவரும் ஒருவர். 2019இல் காலமானார்.

இன்னொருவர் வெர்ஜீனியாவின் டான்வில் ஊரைச் சேர்ந்த வெண்டல் ஸ்காட். கறுப்பினத்தவர். டாக்சி ஓட்டியவர், போரில் மெக்கானிக்காகப் பணியாற்றியவர், இரவில் சாராயம் கடத்தியவர். 1952இல் உள்ளூர்ப் பந்தய அமைப்பாளர்கள் கூட்டத்தை ஈர்க்கக் கறுப்பின ஓட்டுநர் ஒருவரைத் தேடிப் போலீசாரிடம் கேட்டார்கள். தாங்கள் துரத்தித் துரத்திப் பார்த்த வெண்டலின் பெயரைத்தான் போலீசார் சொன்னார்கள்!

1963 டிசம்பர் 1. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் மண் தடத்தில் வெண்டல் முதலாவதாக வந்தார். ஆனால் வெற்றிக் கொடி வெள்ளையரான பக் பேக்கருக்கு அசைக்கப்பட்டது. கூட்டம் கலைந்து பல மணி நேரம் கழித்து, கணக்கில் பிழை என்று வெண்டலின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். கோப்பை மட்டும் வரவில்லை. 1990இல் அவர் காலமானார். 2015இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். கோப்பை அவர் குடும்பத்தார் கைக்கு வந்தது 2021இல். அதே சாராயச் சாலையில் ஓட்டிவந்தவர்களுக்குக்கூட ஒரே கதவு ஒரே அளவில் திறக்கவில்லை.

தம்பிக்கு ஒரு பதில்

சார்லட் நகரில் உள்ள நாஸ்கார் புகழ் மண்டபத்தில் ஒரு சாராயப் பானையே காட்சிக்கு இருக்கிறது. ஜூனியர் ஜான்சன் தம் கையாலேயே அமைத்துக் கொடுத்தது. அவர்கள் தங்கள் பழைய கதையை மறைக்கவில்லை. அந்த வகையில், தம்பி, நீங்கள் சொன்னது சரி.

ஆனால் அந்த மண்டபத்தில் படமாகத் தொங்குபவர்கள் சாலையில் ஓட்டிய வேகத்துக்காக அங்கே போகவில்லை. வேலி கட்டிய தடத்தில், எல்லோருக்கும் பொதுவான விதியில், சோதனைக்குக் காரைக் காட்டி வென்றதற்காகப் போனார்கள். சாலையில் ஓட்டியதற்கு அவர்களுக்குக் கிடைத்தது சிறை. லாய்டுக்கோ அந்தத் தொழில் கொடுத்தது நடுகல்.

மேடையில் இருந்த பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேகம் தெரிந்த பையன்களை ஜெயிலில் போட்டதோடு அந்த ஊர் நின்றிருந்தால் ஜூனியர் ஜான்சன் என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. யாரோ ஒருவர் திடலைத் திறந்தார். யாரோ ஒருவர் விதி எழுதினார். சிறைக்குப் போய்வந்த ஒருவர் தன் பணத்தில் கார் வாங்கிக் கொடுத்தார். கையில் திறமையும் மனத்தில் துடிப்பும் உள்ள பிள்ளைக்கு "போகாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே போகலாம் என்றும் காட்ட வேண்டும்.

அந்த இளைஞர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். தம்பி, அடுத்த படப்பிடிப்புக்குக் கட்டாயம் வாருங்கள். இந்த முறை விளம்பர இடைவேளைக்கு முன்பே உங்களிடம் ஒலிவாங்கியைத் தருகிறேன்.